டிரைவ்-இன் அரங்குகளும் சாலையோரக் கட்டடங்களும்: படமெடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பழைய டிரைவ்-இன் திரையரங்கு, நியான் பலகை வைத்த மோட்டல் (காரில் வருபவர்கள் தங்கும் சாலையோர விடுதி), யானை வடிவத்தில் நிற்கும் கட்டடம் என்று தேடிப் போய்ப் படமெடுப்பது என் வார இறுதிப் பழக்கம். தமிழ்ச் சங்க விழாக்களிலும், அலுவலகச் சாப்பாட்டு மேசையிலும், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடமும் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வருபவை முன்னால் சொன்னதை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

டிரைவ்-இன்னா என்ன? மெட்ராஸ்ல உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்துச்சே, அந்த மாதிரி சாப்பிடற இடமா?

கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸில் காருக்கே தட்டு வந்தது. இங்கே காருக்கே சினிமா. திறந்த வெளியில் பெரிய திரை. அதற்கு எதிரே விசிறி போல வளைந்த வரிசைகளில் கார்கள். ஒவ்வொரு வரிசையும் சிறு மேடாக இருக்கும். முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி நிறுத்தினால் காரின் மூக்கு கொஞ்சம் தூக்கி நிற்கும், முன்னால் இருக்கும் காரின் கூரை மறைக்காது. இந்த மேடுதான் விஷயமே. ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் இதற்கு 1933 மே மாதம் காப்புரிமை வாங்கி, அடுத்த மாதமே, ஜூன் 6 அன்று, நியூ ஜெர்சியின் கேம்டன் நகருக்கு அருகே முதல் அரங்கைத் திறந்தார். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், மொத்தம் ஒரு டாலருக்கு மேல் கிடையாது.

ஒலிக்கு முதலில் திரைக்குப் பக்கத்திலேயே பெரிய ஒலிபெருக்கிகள் இருந்தன. பின்வரிசைக்குச் சத்தம் தாமதமாகப் போகும். அக்கம்பக்கத்தார் தூங்க முடியாது. 1940-களில்தான் கார் கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும் குட்டி ஸ்பீக்கர்கள் வந்தன. இப்போது காரின் எஃப்எம் வானொலியிலேயே கேட்கலாம். படமெடுப்பவருக்கு இந்த வரலாறு தேவை; களத்தில் நட்டு வைத்த துருப்பிடித்த கம்பங்கள் எதற்கு என்று தெரியாவிட்டால் அவற்றைத் தவிர்த்துவிட்டுத் திரையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

நாலாயிரம் தியேட்டர் இருந்துச்சாமே, எல்லாம் எங்க போச்சு? டிவி வந்ததாலயா?

1958 வாக்கில் நாடு முழுவதும் 4,000-க்கும் மேல் இருந்தன. இன்று சுமார் 300. டிவி ஒரு காரணம்தான். ஆனால் டிவி பரவிக்கொண்டிருந்த அதே 1950-களில்தான் டிரைவ்-இன்னும் உச்சத்தைத் தொட்டது என்பதை மறந்துவிடக் கூடாது.

பெரிய எதிரி நிலம். ஊர் எல்லையில் மலிவு விலைக்கு வாங்கிய பத்துப் பதினைந்து ஏக்கர், ஊர் வளர்ந்து பக்கத்தில் வந்ததும் தங்கமானது. கோடையில் மட்டும், இரவில் மட்டும் சம்பாதிக்கும் தொழில் அந்த விலைக்கு முன்னால் நிற்குமா? அங்காடி வளாகம் கட்டுபவர் காசோலையோடு வந்தார். இன்னொன்று, பலரும் யோசிக்காதது: 1966-ல் வந்த சட்டம் கோடைக்காலக் கடிகார மாற்றத்தை நாடு முழுக்க ஒரே சீராக்கியது. பல ஊர்களில் கோடையில் இருட்டுவது கடிகாரப்படி ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. ஒன்பதரைக்கு முதல் காட்சி என்றால் குழந்தைகளோடு வரும் குடும்பம் எங்கே வரும்? பிறகு 1970-களின் பெட்ரோல் நெருக்கடி, விடியோ கேசட். 2013-ஐ ஒட்டி ஸ்டுடியோக்கள் 35 மி.மீ. பிரதி அனுப்புவதைக் கைவிட்டபோது 70,000 டாலருக்கு மேல் கொடுத்து டிஜிட்டல் புரொஜெக்டர் வாங்க முடியாதவர்கள் விளக்கை அணைத்தார்கள்.

2020-ல் கொரோனா காலத்தில் கொஞ்ச நாள் கூட்டம் அலைமோதியது உண்மை. அதை வைத்து ‘திரும்ப வந்துவிட்டது’ என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சாலையோரக் கட்டடம்னா எதையெல்லாம் சேர்ப்பீங்க? பெட்ரோல் பங்க்கூடவா?

பெட்ரோல் பங்க் இல்லாமல் எப்படி! ஓடும் காரிலிருந்து பார்ப்பவரை நிறுத்துவதற்காகவே கட்டப்பட்ட எதுவும் இந்தப் பட்டியலில் வரும்: மோட்டல், டைனர், ஐஸ்கிரீம் கோன் வடிவக் கடை, மினி கோல்ஃப், கொட்டகைச் சுவரில் எழுதிய விளம்பரம்.

கட்டடக் கலைஞர்கள் ராபர்ட் வென்ச்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் இசனோர் மூவரும் 1972-ல் இவற்றை இரண்டாகப் பிரித்தார்கள். தானே சின்னமாக நிற்கும் கட்டடம் ‘வாத்து’. சாதாரணப் பெட்டிக் கட்டடம், முன்னால் பெரிய பலகை என்றால் ‘அலங்கரித்த கொட்டகை’. வாத்து என்ற பெயர் நியூயார்க் லாங் ஐலண்டில் 1931-ல் வாத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வாத்துக்கறி விற்கக் கட்டிய நிஜமான வாத்துக் கட்டடத்திலிருந்து வந்தது. அது இன்றும் ஃப்ளாண்டர்ஸ் ஊரில் நிற்கிறது. இந்தப் பிரிவினை படமெடுக்கவும் உதவும். வாத்தை நான்கு பக்கமும் சுற்றி எடுக்க வேண்டும். கொட்டகையைச் சாலையிலிருந்து, பலகையும் கட்டடமும் ஒரே பிரேமில் வரும்படி எடுக்க வேண்டும். பலகையை மட்டும் நெருக்கமாக எடுப்பவர்கள் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள்.

இதையெல்லாம் ஏற்கெனவே யாராவது எடுத்து வெச்சிருப்பாங்களே? நான் எதுக்குப் பெட்ரோல் செலவு பண்ணணும்?

எடுத்திருக்கிறார்கள். ஜான் மார்கோலிஸ் (1940–2016) ஏறக்குறைய நாற்பது ஆண்டு நாடு முழுக்கக் காரோட்டி எடுத்தவற்றில் 11,710 வண்ண ஸ்லைடுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கிளம்பும் முன் உங்கள் மாநிலத்தின் பெயரைப் போட்டு அதில் தேடிப் பாருங்கள்.

ஆனால் அவர் எடுத்தது பெரும்பாலும் 1970-களிலும் 80-களிலும். அவர் எடுத்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பதை எடுக்கப்போவது யார்? அதே இடத்தில், அதே கோணத்தில் நின்று இன்று ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அந்த ஜோடிதான் பின்னால் ஆய்வு செய்பவருக்குப் பயன்படும். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவதும் இதுவே: இவை அழகுக்காக எடுக்கும் படங்கள் அல்ல, சான்றுகள். அழகாகவும் இருந்துவிட்டால் லாபம்.

என்ன கேமரா வாங்கணும், சார்? வைடு லென்ஸ் வேணும்னு யூடியூப்ல சொல்றாங்க.

கையில் இருப்பதே போதும். மார்கோலிஸ் பயன்படுத்தியது ஒரு கேனன் எஃப்டி கேமரா, 50 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ 25 கோடாக்ரோம் ஃபிலிம். அந்த ஃபிலிமைக் கழுவும் கடைசி ஆய்வகம் கான்சஸ் மாநிலத்தில் 2010 டிசம்பரோடு அந்த வேலையை நிறுத்தியது. எனவே ‘அவர் மாதிரியே கலர் வேணும்’ என்பவர்களுக்கு வழியில்லை.

வைடு லென்ஸ் மீது எனக்கு நம்பிக்கை குறைவு. கிட்டப் போய் அண்ணாந்து எடுத்தால் திரைக் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல வரும். சாலையோரக் கட்டடத்துக்கு எதிரே சாலை இருக்கிறது. அதைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், கேமராவை மேலே சாய்க்காமல் மட்டமாகப் பிடித்து 50 மி.மீ.-இல் எடுங்கள். இந்தக் கட்டடங்களை அப்படித் தூரத்திலிருந்து பார்க்கத்தான் கட்டினார்கள். பணம் செலவு செய்தே ஆகவேண்டும் என்றால் கேமராவை நிறுத்த நல்ல முக்காலி (டிரைபாட்) வாங்குங்கள்.

எந்த நேரத்துல போகணும்? சாயங்காலம்தானே அழகா இருக்கும்?

டிரைவ்-இன் என்றால் குறைந்தது இரண்டு முறை. மாலை வெயில் திரை மேல் விழுந்தால் காட்சியைத் தொடங்கவே முடியாது. அதனால் திரையின் முகத்தைப் பெரும்பாலும் மேற்குப் பக்கம் திருப்பி வைப்பதில்லை. கிழக்கு பார்த்த திரைக்கு வெளிச்சம் காலையில்தான் கிடைக்கும். கோபுரத்தின் முதுகு பல இடங்களில் சாலையைப் பார்த்திருக்கும். அரங்கின் பெயரையும் ஓவியத்தையும் அங்கேதான் தீட்டியிருப்பார்கள். அந்த முதுகுக்குப் பெரும்பாலும் மாலை வெயில். கிளம்பும் முன் செயற்கைக்கோள் வரைபடத்தில் திசையைப் பார்த்துக்கொண்டு போனால் வீண் அலைச்சல் இல்லை.

மற்றக் கட்டடங்களுக்கு நான் அதிகாலைக்காரன். சூரியன் எழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாசலில் கார் நிற்காது, வெளிச்சம் சாய்வாக விழுந்து பெயின்ட் உரிந்த சுவரின் சொரசொரப்பு தெரியும். மோட்டல்களுக்கு மட்டும் சூரியன் மறைந்த பிறகான இருபது முப்பது நிமிடம். வானத்தில் நீலம் இருக்கும், நியானும் எரியும், கட்டடமும் கண்ணுக்குத் தெரியும். முழு இருட்டில் எடுத்தால் கறுப்புக்கு நடுவில் எழுத்து மட்டும் மிதக்கும்.

நியான் போர்டு எடுத்தா நிறமே போயி வெள்ளையா வருதே, என்ன பண்றது?

கேமரா இருண்ட வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டுகிறது, குழாய் வெந்துபோகிறது. ஒன்றரை இரண்டு ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி), கேமரா பதப்படுத்தாத ‘ரா’ (RAW) கோப்பாக எடுங்கள். ஒரே இடத்தில் மூன்று நான்கு அளவுகளில் எடுத்துக்கொண்டால் வீட்டில் தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாதீர்கள். சிவப்பு ஆரஞ்சு என்றால் உள்ளே நியான் வாயு. நீலம் பெரும்பாலும் ஆர்கானும் துளிப் பாதரசமும். இரண்டும் கலந்த பலகையில் தானியங்கி குழம்பும்.

ஷட்டர் வேகம் 1/30 விநாடிக்கு மெதுவாக இருக்கட்டும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். குழாய் விநாடிக்கு 120 முறை மினுக்குகிறது. வேகமாக எடுத்தால் ஒரு படத்தில் பாதிப் பலகை மங்கிப்போகும். எல்இடி பட்டைக்கு மாற்றிய பலகையானால் மின்னணு ஷட்டரைத் தொடாதீர்கள், வரி வரியாகக் கோடு விழும். எல்இடிக்கு மாற்றியதையும் குறிப்பில் எழுதுங்கள், அதுவும் வரலாறுதான்.

திரைல படம் ஓடறப்போ போட்டோ எடுக்கலாமா? போலீஸ் பிடிப்பாங்களா?

திரையில் ஓடுவதை விடியோவாகப் பதிவது கூட்டாட்சிக் குற்றம். 2005-ல் வந்த சட்டம். சிறைத் தண்டனையும் உண்டு. திறந்த வெளிதானே என்ற சாக்கு செல்லாது. கைப்பேசியில் ‘ஒரு சின்ன ரீல்’ எடுப்பவர்களும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

நிழற்படம் வேறு விஷயம் என்றாலும் முக்காலியோடு நிற்பவரைப் பார்த்தால் ஊழியர் ஓடி வருவார், அது அவர் வேலை. நுழையும்போதே சாவடியில் சொல்லிவிடுங்கள். விளம்பரமும் சிற்றுண்டி அறிவிப்பும் ஓடும் நேரத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். அப்போதுதான் வானத்திலும் நீலம் மிச்சம் இருக்கும். ஃபிளாஷ் கூடாது, தலைவிளக்கு கூடாது, கைப்பேசி டார்ச்சும் கூடாது. டிக்கெட் வாங்குங்கள், பாப்கார்னும் வாங்குங்கள்: டிக்கெட் காசில் பெரும்பங்கு ஸ்டுடியோவுக்குப் போகிறது, அரங்கம் பிழைப்பது தின்பண்டத்தில்.

ஒரு ஜப்பான்காரர் எடுத்த படத்துல திரை வெறும் வெள்ளையா ஜொலிக்குமே, அது எப்படி?

ஹிரோஷி சுகிமோட்டோ. படம் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்து, முடியும்போது மூடுவார். முழு சினிமாவும் ஒரே பிரேமில் குவிந்து வெள்ளையாகிவிடும். 1970-களில் உள்ளரங்குகளில் தொடங்கியவர், 1993 வாக்கில் டிரைவ்-இன்களையும் எடுத்தார். அவற்றில் திரைக்கு மேலே நட்சத்திரங்களும் விமானங்களும் இழுத்த கோடுகள் இருக்கும்.

அவரிடம் இருந்தது பெரிய வடிவ ஃபிலிம் கேமரா. டிஜிட்டலில் இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் திறந்து வைத்தால் சென்சார் சூடாகிப் புள்ளிகள் கொட்டும். அதற்குப் பதில் 30 விநாடிப் படங்களாக இடைவிடாமல் எடுத்து, மென்பொருளில் சராசரி எடுங்கள். ‘வெளிச்சமானதை மட்டும் வை’ என்ற தேர்வு வேண்டாம். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 30 விநாடி என்று தொடங்கிப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். இந்த முறையில் இன்னொரு வசதி: பாதியில் கிளம்பும் யாரோ ஒருவரின் தலைவிளக்கு அடித்தால் அந்தப் படத்தை மட்டும் நீக்கிவிடலாம். சுகிமோட்டோவுக்கு அந்தச் சலுகை இல்லை. முந்தைய பதிலில் சொன்ன அனுமதி இதற்குக் கட்டாயம். இரண்டு மணி நேரம் கேமரா திரையையே பார்த்து நிற்கப்போகிறது.

மூடிக் கிடக்கற தியேட்டர்தானே, வேலி கிழிஞ்சிருக்கு. உள்ள போயிட்டு வந்தா என்ன?

யாரோ ஒருவருடைய நிலம். அத்துமீறல் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆனால் எங்கேயும் ‘வேலி கிழிந்திருந்தது’ பதிலாகாது. பலகை இல்லை என்றும் நம்ப வேண்டாம். டெக்சஸ், மிசௌரி போன்ற மாநிலங்களில் மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறப் பட்டை தீட்டியிருந்தாலே ‘உள்ளே வராதே’ என்று சட்டப்படி பொருள். புதிதாக வந்தவர்களுக்கு இது தெரிவதில்லை. கிராமப்புறங்களில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதிகம் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் நிறத்தில் இருப்பவர்கள் அறிமுகமில்லாத ஊரில் கேமராவோடு வேலி தாண்டினால் என்ன நடக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. சாலையோரத்தில் நின்று எடுங்கள். இந்தக் கட்டடங்கள் சாலைக்காகக் கட்டப்பட்டவை, முக்கால்வாசி விஷயம் அங்கிருந்தே கிடைக்கும்.

அப்போ ஓனர்கிட்டப் பேசணுமா? எனக்கு அதான் பயமே. என்னன்னு ஆரம்பிக்கறது?

கட்டடத்தைப் பற்றி ஒரு கேள்வியோடு ஆரம்பியுங்கள். ‘இந்தப் பலகை எந்த வருடத்தது?’ என்றால் போதும். இவர்களில் பலர் அந்தக் கதையைக் கேட்க ஆளில்லாமல் இருப்பவர்கள். நீங்கள்தான் கிளம்ப வழி தேட வேண்டிவரும்.

மோட்டல்களில் நமக்கு ஒரு அனுகூலம் உண்டு. அமெரிக்க மோட்டல்களில் பெரும்பங்கு இந்திய வம்சாவளியினர் கையில், அதிலும் குஜராத்திகள் கையில். கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோ அருகே கூம்புக் கூடார வடிவ அறைகள் கொண்ட விக்வாம் மோட்டல் இருக்கிறது. ஏழு ஊர்களில் இருந்த அந்த வகையில் மிஞ்சிய மூன்றில் அது ஒன்று. சீரழிந்து கிடந்ததை 2003-ல் வாங்கிச் சீர்படுத்தியது ஒரு படேல் குடும்பம். அமெரிக்கச் சாலையோர மரபைக் காப்பாற்றியவர்களின் பட்டியலில் நம் ஊர்க்காரர்களை யாரும் எழுதுவதில்லை. அவர்கள் அனுமதித்தால் வரவேற்பறையையும், பின்னால் குடும்பம் வாழும் அறையின் வாசலையும் எடுங்கள். நியானை எல்லோரும் எடுத்துவிட்டார்கள்.

போய்ப் பார்த்தா வெறும் புல்லுதான் இருக்கு. இடிச்ச இடத்துல எடுக்க என்ன இருக்கு?

முதல் பதிலில் சொன்ன மேடுகள் இருக்கும். திரையை இடிப்பது எளிது. பத்து ஏக்கர் மண்ணைச் சமப்படுத்துவதற்குச் செலவு அதிகம், வேறு கட்டடம் வரும்வரை யாரும் செய்ய மாட்டார்கள். தரையில் நின்றால் தெரியாதது வானிலிருந்து பார்த்தால் கைரேகை போலத் தெளிவாகத் தெரியும். புவியியல் ஆய்வுத் துறையின் பழைய வான்படங்கள் இணையத்தில் இலவசம். ஒரு ஊரின் 1950, 60-களின் படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டால் விசிறி வடிவம் எங்கே இருந்தது, இப்போது அதன் மேல் என்ன நிற்கிறது என்று பிடித்துவிடலாம். எங்கும் போகாமல் தெருப்பெயரிலேயே பிடிபடுவதும் உண்டு: ‘டிரைவ்-இன் லேன்’ என்ற தெருவில் வீடுகள் மட்டும் இருந்தால் காரணம் வேறென்ன?

தரையில் ஸ்பீக்கர் கம்பங்களின் அடிப்பகுதி, டிக்கெட் சாவடியின் சிமென்ட் மேடை, களத்தின் நடுவில் புரொஜெக்டர் அறையும் சிற்றுண்டிக் கடையும் சேர்ந்த தாழ்வான கட்டடம், திரைக்குக் கீழே குழந்தைகள் விளையாடிய ஊஞ்சலின் கால்கள். காலைச் சாய்வெயிலில் மேடுகளின் நிழல் விழும். பனி லேசாகப் பெய்து கரையும் நாளில் இன்னும் நன்றாகத் தெரியும். சில அரங்குகள் பகலில் பழைய பொருள் சந்தையாக நடக்கின்றன. வேலி தாண்டாமல் உள்ளே போக அதைவிட நல்ல வழி இல்லை.

ட்ரோன் விட்டா சுலபமா முடிஞ்சுடுமே?

விடலாம், விதிகளோடு. 250 கிராம் அல்லது அதற்கு மேல் எடை இருந்தால் பதிவு செய்ய வேண்டும், பொழுதுபோக்குக்கும் ஒரு சிறு தேர்வு எழுத வேண்டும், 400 அடிக்கு மேல் பொதுவாகக் கூடாது, கண்ணிலிருந்து மறையக் கூடாது. படத்தை விற்கும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனி உரிமம். காட்சி நடக்கும்போது காசு கொடுத்து வந்தவர்கள் தலைக்கு மேல் ரீங்காரம் போட்டால் அடிக்க வருவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்.

எடுத்த படத்தை விக்கலாமா? கட்டடத்துக்கே காப்பிரைட் இருக்குன்னு ஒருத்தர் பயமுறுத்தறாரு.

கட்டடத்துக்குப் பதிப்புரிமை உண்டு, 1990-ல் வந்த திருத்தத்தால். ஆனால் பொது இடத்திலிருந்து பார்க்கக் கிடைக்கும் கட்டடத்தைப் படமெடுக்கவும் அந்தப் படத்தை விற்கவும் அதே சட்டம் வழிவிடுகிறது. சிக்கல் கட்டடத்தில் இல்லை, அதில் ஒட்டியிருப்பவற்றில். திரை முதுகில் தீட்டிய ஓவியமும் தனியாக நிற்கும் சிலையும் கலைப் படைப்புகள். அவற்றை மட்டும் வெட்டி எடுத்துக் காலண்டர் போட்டால் கேள்வி வரலாம். நிறுவனச் சின்னத்தைப் பெரிதாக வைத்து டி-ஷர்ட் அடித்தால் வணிகச் சின்னச் சட்டம் வரும். கண்காட்சி, புத்தகம், கட்டுரை என்றால் தொல்லை அரிது. பெரிய அளவில் விற்பதாக இருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

சில இடத்துல செவ்விந்தியர் பொம்மை, கறுப்பினத்தவரைக் கேலி செய்யற போர்டு எல்லாம் இருக்கே. அதை எடுக்கறது தப்பில்லையா?

எடுப்பது தப்பில்லை, எடுத்துவிட்டு ‘அந்தக் காலம் எவ்வளவு இனிமை’ என்று தலைப்பிடுவது தப்பு. சற்று முன் நான் புகழ்ந்த விக்வாம் மோட்டலே பழங்குடியினரின் வீட்டு வடிவத்தை எடுத்து விற்பனைப் பொருளாக்கியதுதான். அதையும் குறிப்பில் சொல்லலாம்.

சாலையோர ஏக்கம் எல்லோருக்கும் பொதுவல்ல. தென் மாநிலங்களில் டிரைவ்-இன்களிலும் இனப் பிரிவினை நடந்தது. எந்த ஊரில் அறை கொடுப்பார்கள், எங்கே பெட்ரோல் போடுவார்கள் என்று தெரிந்துகொள்ளக் கறுப்பினப் பயணிகள் ஒரு கையேட்டோடு பயணித்தார்கள். விக்டர் ஹியூகோ கிரீன் 1936-ல் தொடங்கிய அந்தக் கையேடு 1960-களின் நடுப்பகுதியைத் தாண்டியும் வந்தது. அந்தப் பட்டியலில் இருந்த கட்டடங்களில் பெரும்பாலானவை நியானும் வாத்தும் இல்லாத சாதாரண வீடுகள், கடைகள். அதனாலேயே யாரும் படமெடுக்காமல் இடிந்துபோயின. ஓக்லஹோமாவில் லூதர் ஊருக்கு அருகே, ரூட் 66 சாலையில், திரெட் என்ற கறுப்பினக் குடும்பம் நடத்திய பெட்ரோல் நிலையம் கல் கட்டடமாக இன்றும் நிற்கிறது. ரூட் 66 போகிறவர்கள் அமரில்லோவில் மண்ணில் புதைத்த கெடிலாக் கார்களை எடுக்க வரிசையில் நிற்கிறார்கள், லூதரில் வண்டியை நிறுத்துபவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் லூதர்தான் முதலில்.

பாழடைஞ்சு கிடக்கறதை எடுத்தாத்தான் லைக் விழுது. ஓடிக்கிட்டிருக்கற தியேட்டரை யார் பாக்கறா?

அதனால்தான் சொல்கிறேன், ஓடிக்கொண்டிருப்பதை எடுங்கள். இடிந்த பிறகு ஊரே கேமராவோடு வரும். ஓடும்போது டிக்கெட் கிழிப்பவர், பலகையில் நீளக் கழியால் எழுத்து மாட்டுபவர், காரின் பின்கதவைத் திறந்துவைத்து மெத்தை போட்டுப் படுத்திருக்கும் குழந்தைகள், சிற்றுண்டிக் கடையின் விலைப் பட்டியல், இவற்றை எடுப்பவர் யாருமில்லை. விலைப் பட்டியலை நேராக, எழுத்து படிக்கும்படி எடுங்கள். முப்பது ஆண்டு கழித்துச் சூரிய அஸ்தமனப் படத்தைவிட அதைத்தான் தேடுவார்கள்.

உடைந்த ஜன்னலும் ஏறிய கொடியும் கவர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லா ஊர் இடிபாடும் ஒரே மாதிரி இருக்கும்.

முன்னாடி கரண்ட் கம்பி, குப்பைத்தொட்டி, ஒரு வேன். எடிட்ல தூக்கிடலாமா?

சுவரில் மாட்ட ஒரு பிரதியில் தூக்கிக்கொள்ளுங்கள். மூலப்படத்தைத் தொடாமல் வையுங்கள், பொதுவில் ஆவணம் என்று போடுவதில் ஒரு கம்பியைக்கூட அழிக்காதீர்கள். அந்த வேனின் மாடல்தான் படம் எந்த ஆண்டு என்று பின்னால் சொல்லும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் உடைந்த நியான் எழுத்தைத் தாமே எழுதி நிரப்பிவிடுகின்றன. அங்கே அந்த எழுத்து இல்லை என்பதல்லவா செய்தி?

சரி, எடுத்தாச்சு. ஹார்ட் டிஸ்க்ல தூங்குது. என்ன பண்றது?

முதலில் குறிப்பு. ஊர், மாவட்டம், மாநிலம், சாலை எண், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, தேதி, அன்று இயங்கியதா இல்லையா. இவ்வளவையும் படக் கோப்பின் உள்ளேயே எழுதுங்கள். தனி நோட்டில் எழுதினால் நோட்டு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் போய்விடும். அரசின் வரலாற்றுக் கட்டடக் கணக்கெடுப்பு, டிரைவ்-இன் பிறந்த அதே 1933-ல் தொடங்கியது, இப்படித்தான் வேலை செய்கிறது: முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, சுற்றுப்புறம், பிறகு நுணுக்கங்கள். அந்த வரிசையை அப்படியே பின்பற்றலாம்.

பிறகு கொடுங்கள். உள்ளூர் வரலாற்றுச் சங்கம், மாவட்ட நூலகம், விக்கிமீடியா பொதுவகம். ஒரு கட்டடத்தைத் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் சேர்க்க விண்ணப்பிப்பவர்களுக்குப் பழைய படங்கள் தேவைப்படும். மிசௌரியின் கார்த்தேஜ் ஊரில் 1949-ல் திறந்த 66 டிரைவ்-இன் 2003-ல் அந்தப் பதிவேட்டில் ஏறியது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பதிவேட்டில் ஏறுவது மட்டுமே ஒரு கட்டடத்தை இடிக்க முடியாததாக ஆக்கிவிடாது. தனியார் தன் பணத்தில் தன் கட்டடத்தை இடிப்பதை அது தடுப்பதில்லை.

நம்ம ஊர்ல இந்த மாதிரி எடுக்க எதுவும் இல்லையா?

டிரைவ்-இன் என்று கேட்டால் பட்டியல் சின்னது. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையின் பிரார்த்தனா பலருக்கும் நினைவிருக்கும்; அகமதாபாதில் 1973-ல் திறந்த சன்செட் டிரைவ்-இன் உண்டு. நான் முதலில் சொன்ன உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-ல் மூடப்பட்டு, அந்த இடம் 2010-ல் செம்மொழிப் பூங்கா ஆனது.

ஆனால் மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தும் இடங்கள் தமிழ்நாட்டில் நிறைய: ஒற்றைத் திரையரங்குகள். கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் மாறிக்கொண்டிருப்பவை. கம்பி போட்ட குறுகலான டிக்கெட் வழி, ‘தரை’, ‘பெஞ்ச்’ என்று சுவரில் எழுதிய கட்டணம், ஆண்டு பொறித்த முகப்பு. அத்தையோ மாமாவோ அந்தத் தெருவில் இருந்தால் உரிமையாளரிடம் பேசுவதும் சுலபம். மின்சாரம் மட்டும் 50 ஹெர்ட்ஸ், குழாய் விநாடிக்கு 100 முறை மினுக்கும், 1/25-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான் நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கேன், ஒரே ஒரு சனிக்கிழமைதான் கிடைக்கும். எங்க போகட்டும்?

காலையில் அட்லாண்டிக் சிட்டியை அடுத்த மார்கேட். அங்கே கடற்கரையில் லூசி என்ற ஆறு மாடி உயர யானை நிற்கிறது. 1881-ல் மனை விற்கும் ஒருவர் வாடிக்கையாளரை இழுக்க மரத்தில் கட்டித் தகரம் போர்த்தியது, இந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் பாட்டி. மதியத்துக்கு மேல் வைன்லேண்ட் நோக்கி ஓட்டுங்கள், ஒரு மணி நேரம் ஆகும். அங்கே டெல்சி டிரைவ்-இன்: 1949-ல் திறந்து, 1987-ல் மூடி, 2004-ல் மறுபடி திறந்தது. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து பலகையையும் களத்தையும் எடுத்துவிட்டு, இருட்டியதும் படம் பாருங்கள். கேம்டன் பக்கம் முதல் அரங்கைத் தேடிப் போக வேண்டாம், அங்கே அரங்கின் தடயம் இல்லை.

நாள் முழுக்கக் கிடைத்து மேற்கே போகலாம் என்றால் பென்சில்வேனியாவின் ஓர்ஃபீல்டில் ஷாங்க்வைலர்ஸ் இருக்கிறது. 1934-லிருந்து ஓடுகிறது, இயங்குபவற்றில் அதுவே மூத்தது. எங்கே போனாலும் கிளம்பும் அன்று காலையில் அவர்களுடைய இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் பல அரங்குகள் திறப்பதே இல்லை. கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.